நெடுஞ்சாலைப் பந்தயத்துக்கு ரெப்ளிகா கார்: கோப்ராவா, டேடோனா கூபேயா, போர்ஷே 550-ஆ?

ரெப்ளிகா ஸ்போர்ட்ஸ் கார், அதாவது புகழ்பெற்ற பழைய காரின் நகல், மேல் ஆசை உள்ளவர்கள் பெரும்பாலும் முதலில் காரை வாங்கிவிடுகிறார்கள். எந்தப் பந்தயத்தில் ஓட்டுவது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வருகிறது. இதனால் பணமும் போகிறது, சில நேரம் பாதுகாப்பும் போகிறது. முதலில் பந்தயத்தை முடிவு செய்யுங்கள். எந்தக் கார் என்பதில் பாதி அப்போதே முடிவாகிவிடும்.

பழைய கார்களுக்கான நெடுந்தூர ஓட்டம் என்றதும் பலருக்கும் இத்தாலியின் மில்லே மில்யா நினைவுக்கு வரும். அந்தக் கதவு ரெப்ளிகாக்களுக்குத் திறக்காது. 1927 முதல் 1957 வரை நடந்த பந்தயத்தோடு தொடர்புள்ள மாடல்களில், அசல் என்று சான்று பெற்ற வண்டிகளுக்கு மட்டுமே அங்கே இடம். பிரேக்கோ என்ஜினோ எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நகல் நகல்தான். ஆகவே நடைமுறையில் இரண்டு வகைப் பந்தயங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, அமெரிக்காவில் நெடுஞ்சாலையை மூடி நடத்தும் சராசரி வேகப் பந்தயம். நெவாடாவின் சில்வர் ஸ்டேட் கிளாசிக்கும் டெக்சஸின் பிக் பெண்ட் பந்தயமும் இந்த வகை. மற்றொன்று, மெக்சிகோவில் ஒரு வாரம் மலையும் சமவெளியுமாக ஓடும் லா கரேரா பனமெரிகானா.

இரண்டும் காரிடம் கேட்பது முற்றிலும் வேறு. சில்வர் ஸ்டேட்டில் பிரிவுகளை வேகத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். மணிக்கு 95 மைலில் தொடங்கி 5 மைல் படியாக ஏறும். மேலே வரம்பில்லாப் பிரிவு. உங்கள் கார் அசலா, நகலா, குடும்பத்தோடு போகும் செடானா என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை. உங்கள் பிரிவின் சராசரி வேகத்தை யார் மிக நெருக்கமாகத் தொடுகிறாரோ அவருக்கே வெற்றி. கரேராவில் பிரிவுகள் காரின் வகை, ஆண்டு, என்ஜின் அளவு ஆகியவற்றை ஒட்டியவை. எந்த நகலை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று ஏற்பாட்டாளர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் படித்து, காரின் படங்களையும் ஷாசி (அடிச்சட்டம்) விவரத்தையும் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு போல்ட்கூட வாங்காதீர்கள்.

முதலில் நெவாடா. 1988 முதல் நடக்கும் பந்தயம் இது. மாநில நெடுஞ்சாலை 318-ல் லண்ட் என்ற சிற்றூரிலிருந்து தெற்கே ஹைக்கோ வரை 90 மைல், ஏறக்குறைய 145 கி.மீ. கார்களை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். சாலையின் பெரும்பகுதி நேர்கோடு. கடைசிப் பகுதிக்கு முன் பாறைகளுக்கு நடுவே ‘நேரோஸ்’ என்ற வளைவுப் பகுதி வரும். 120 மைல் பிரிவில் நிற்பவருக்கு இலக்கு நேரம் சரியாக 45 நிமிடம். 100 மைல் என்றால் 54 நிமிடம், 150 என்றால் 36 நிமிடம். முதல் இடத்தைப் பெரும்பாலும் நொடியின் பின்னங்கள்தான் தீர்மானிக்கின்றன.

இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தால் காரைப் பற்றிய பல ஆசைகள் தாமாகவே தெளிந்துவிடும். 120 மைல் பிரிவில் நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்தை எட்ட 15 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 7.5 நொடி இழப்பு. நேரோஸில் 3 மைல் தூரம் வேகத்தை 100-க்குக் குறைத்தால் இன்னும் 18 நொடி. மொத்தம் 25.5 நொடியை மீட்க, மீதிச் சாலை முழுவதும் மணிக்கு ஏறக்குறைய 121.2 மைலில் ஓடினால் போதும். அதாவது 140-ஐத் தொடும் வலிமை அங்கே தேவைப்படவே இல்லை. தேவைப்படுவது ஒரே வேகத்தை முக்கால் மணி நேரம் அசையாமல் பிடிக்கும் கார். ஒவ்வொரு பிரிவுக்கும் தாண்டக்கூடாத உச்ச வேகமும் உண்டு. தாண்டினால் தகுதி நீக்கம். 500 குதிரைத்திறன் என்ஜினைப் பெருமையாகப் பேசுபவர்கள் இதை யோசிப்பதே இல்லை. இந்தப் பந்தயத்தில் காரின் எல்லையைத் தீர்மானிப்பவை டயர், சூடு, காற்று மூன்றும்தான்.

இனி கார்கள். ரெப்ளிகா உலகில் அதிகம் கட்டப்படுவது ஷெல்பி கோப்ரா ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத கோப்ரா. இரும்புக் குழாய் ஷாசி, ஃபைபர் கிளாஸ் பாடி, ஃபோர்டு வி8 என்ஜின், எடை சுமார் 1,050 முதல் 1,100 கிலோ. பாகங்கள் எங்கும் கிடைக்கும், விலையும் கட்டுப்படி. நெடுஞ்சாலைப் பந்தயத்துக்கு இதை எடுத்துப் போகலாமா? போகலாம், ஆனால் 95 முதல் 110 மைல் வரையுள்ள பிரிவுகளுக்கு. அதற்கு மேல் இந்த உருவமே எதிரியாகிவிடும்.

டயரிலிருந்து தொடங்குவோம். பழைய தோற்றம் வேண்டும் என்று பலர் 15 அங்குல வீல் போடுகிறார்கள். அந்த அளவில் கோப்ரா ரெப்ளிகாக்களில் அடிக்கடி காணப்படும் பிஎஃப் குட்ரிச் ரேடியல் டி/ஏ டயர் எஸ் குறியீடு கொண்டது. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., அதாவது 112 மைல். 110 மைல் பிரிவில் இழந்த நொடிகளை மீட்க 111-க்கு மேல் ஓட வேண்டியிருக்கும்போது இந்த டயரில் மிச்சம் எதுவும் இல்லை. பந்தயத்துக்கு முந்தைய சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அனுப்பவும் வேண்டும். 17 அங்குல வீலுக்கு மாறினால் முன்னால் 245/45, பின்னால் 315/35 அளவுகளில் டபிள்யூ (270 கி.மீ.), ஒய் (300 கி.மீ.) குறியீட்டு டயர்கள் கிடைக்கின்றன. தோற்றம் கொஞ்சம் மாறும். மாறட்டும்.

டயரின் வயதையும் பாருங்கள். ரெப்ளிகாக்கள் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் ஓடும்; பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். அந்த டயரோடு அதிவேகத்தில் முக்கால் மணி நேரம் ஓடத் துணியக் கூடாது.

அடுத்து ரோல் பார், கார் புரண்டால் தலையைக் காக்கும் குழாய் வளையம். கோப்ரா நகல்களில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பளபளக்கும் ஒற்றை வளையம் பல நேரங்களில் வெறும் அலங்காரம். மெல்லிய குழாயை ஃபைபர் கிளாஸில் போல்ட் போட்டிருப்பார்கள். கார் புரண்டால் அது மடங்கும். பந்தயத்துக்கு 1¾ அங்குல விட்டம், 0.120 அங்குலச் சுவர் உள்ள குழாய் வேண்டும். அதை ஷாசியோடு வெல்டிங் செய்து, பின்னோக்கித் தாங்கு குழாய்கள் கொடுத்து, இரண்டு இருக்கைக்கும் சேர்த்து அமைக்க வேண்டும். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தபின் வளையத்தின் உச்சி ஹெல்மெட்டைவிட 2 அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும். வளையத்தின் உச்சியிலிருந்து டேஷ்போர்டுக்கு மேல் விளிம்பு வரை ஒரு நேர்க்குச்சியைப் பிடித்துப் பாருங்கள். குச்சி ஹெல்மெட்டைத் தொட்டால் அந்த இருக்கை பந்தயத்துக்கு ஆகாது. உயரமானவர்கள் இருக்கையின் அடித் தண்டவாளத்தைக் கழற்றித் தரையிலேயே பொருத்துவதும் உண்டு. திறந்த கார் என்பதால் கைகள் வெளியே வீசப்படாமல் இருக்கக் கைப்பட்டையும், முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டும் தவிர்க்க முடியாதவை.

காற்றுதான் கடைசி எல்லை. அசல் கோப்ராவுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. பிரான்சின் லே மான்ஸ் பந்தயத் தடத்தில் உள்ள முல்சான் நேர்பாதையில் ரோட்ஸ்டர் மணிக்கு 250 கி.மீ. அளவில் முட்டி நின்றுவிட்டது. ஃபெராரி ஜிடிஓ அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நிமிர்ந்த கண்ணாடி, திறந்த இருக்கைக் குழி, தட்டையான பின்புறம் எல்லாம் சேர்ந்து காற்றைக் கிழிக்காமல் இழுத்துக்கொண்டு போகின்றன. நெவாடாவின் உயரத்தில், சுமார் 1,500 மீட்டர் என்று வைத்து, 0.55 இழுவை எண்ணோடு (காற்றின் எதிர்ப்பைக் காட்டும் எண்) கணக்கிட்டால், 120 மைலைப் பிடிக்க என்ஜினில் ஏறக்குறைய 140 குதிரைத்திறன் போதும். 150 மைலுக்கு 260 வேண்டும். இந்தத் திறன் பெரும்பாலான கோப்ராக்களில் இருக்கிறது. இல்லாதது நிலைத்தன்மை. 130 மைலுக்கு மேல் முன்பக்கம் தூக்க ஆரம்பிக்கும், ஸ்டியரிங் லேசாகும். கண்ணாடியின் பக்கத் தூண்கள் அதிரும். ஷாசி முறுக்கத்தால் கதவுத் தாழ் நழுவுவதும் நடக்கும். பானெட் தாழோடு கூடுதலாக இரண்டு பூட்டு ஊசிகள் போடுங்கள். கதவுக்கு ஒரு பட்டைப் பூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். முன் வாய்க்குக் கீழே ஒரு காற்றுத் தடுப்புத் தகடு தூக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் காரின் குணத்தை மாற்றிவிடாது.

கோப்ராவில் சூடு இரண்டு இடங்களில் பிடிக்கும். பக்கவாட்டு எக்ஸாஸ்ட்டும் அதை என்ஜினோடு சேர்க்கும் ஹெடர் குழாய்களும் பெடல் பெட்டியை ஒட்டிப் போவதால் பாதம் வேகும். பெட்டியின் வெளிச்சுவரில் அலுமினியத் தாள் ஒட்டிய காப்பு அட்டை, உள்ளே இன்னொரு அடுக்கு, ஒரு காற்றுக் குழாய் என மூன்றும் வேண்டும். என்ஜின் சூடு கியர் விகிதத்தோடு சேர்ந்தது. 3.55 டிஃப்ரன்ஷியல், 0.68 ஐந்தாவது கியர், 25.7 அங்குல டயர் என்றால் 120 மைலில் என்ஜின் சுமார் 3,800 சுற்றில் ஓடும். நான்காவது கியரில் அதே வேகத்துக்கு ஏறக்குறைய 5,600 சுற்று. ஓவர்டிரைவ் இல்லாத பழைய நான்கு கியர் பெட்டியோடு வருபவர்கள் எண்ணெய்க் கூலரை ஏற்றாமல் தொடக்கக் கோட்டுக்கு வரக் கூடாது. கார்புரேட்டர் வைத்திருந்தால் ஒவ்வொரு 2,000 அடி உயரத்துக்கும் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) ஏறக்குறைய ஒரு அளவு குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கலவை கனத்து பிளக் கருக்கும். டிரைவ் ஷாஃப்ட்டின் முன் இணைப்பைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் இருக்கட்டும். இந்தக் கார்களில் ஷாஃப்ட் குட்டையானது; இணைப்பு உடைந்தால் அது நேராக இருக்கைகளுக்கு நடுவே வரும்.

இதையெல்லாம் செய்தாலும் 130 மைலுக்கு மேற்பட்ட பிரிவில் ஓட்ட ஆசை இருந்தால், ரோட்ஸ்டரில் பணம் கொட்டுவதை நிறுத்திவிட்டு டேடோனா கூபே நகலுக்கு மாறுங்கள். அந்தக் கார் பிறந்ததே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். 1964-ல் பீட்டர் பிராக் அதே கோப்ரா ஷாசியின் மேல் மூடிய பாடி வரைந்தார். ஆறே ஆறு கட்டினார்கள். அதே 289 கன அங்குல என்ஜினோடு அது மணிக்கு 290 கி.மீ.க்கு மேல் ஓடியது. 1964 லே மான்ஸில் டான் கர்னியும் பாப் பாண்டுரான்டும் அதில் ஜிடி வகுப்பை வென்று மொத்தத்தில் நான்காவது வந்தார்கள். 1965-ல் ஜிடி உலகப் பட்டமும் ஷெல்பிக்கு வந்தது. நகலில் இழுவை எண்ணை 0.4 என்று எடுத்தால் 150 மைலுக்கு சுமார் 195 குதிரைத்திறன் போதும். ரோட்ஸ்டரோடு ஒப்பிட்டால் கால் பங்கு மிச்சம். பெட்ரோலிலும் இது தெரியும்: 150 மைலில் 36 நிமிட ஓட்டத்துக்கு ரோட்ஸ்டர் ஏறக்குறைய 47 லிட்டர் குடிக்கும், கூபே 36. இந்த நகல்களில் பலவற்றில் பொருத்தும் பழைய மஸ்டாங் டேங்கில் 58 லிட்டர்தான் பிடிக்கும். தொடக்கக் கோட்டுக்கு ஓட்டி வருவதும் வரிசையில் காத்திருப்பதும் கழிந்தபின், நேரோஸ் வளைவில் டேங்க் அடிமட்டத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி என்ஜின் திணறுவது ரோட்ஸ்டரில் நடக்கக்கூடியது.

கூபேயிலும் ஒரு முக்கியமான இடம் கவனிக்க வேண்டும். 1964-ல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத் தடத்தில் அசல் காரின் பின்பக்கம் தூக்கியதால்தான் பின் விளிம்பில் ஸ்பாய்லர் சேர்த்தார்கள். கோடுகள் சுத்தமாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிட்டுக் கட்டிய நகல்கள் உண்டு. பந்தயத்துக்கு அந்த ஸ்பாய்லர் கட்டாயம். கண்ணாடி மூடிய உள்ளறையில் பாலைவன வெயிலும் பெடல் பெட்டிச் சூடும் சேர்ந்து கொதிக்கும், ஆகவே முன் வாயிலிருந்து நேராக ஓட்டுநரின் மார்புக்குக் காற்று கொண்டுவரும் குழாய் போடுங்கள். கதவு சிறியது. ஹார்னஸை (பந்தய இருக்கைப் பட்டை) அவிழ்த்து வெளியே வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு பழகிவிடுங்கள், பக்கத்து இருக்கையில் நேரக் கணக்குப் பார்க்கும் வழிகாட்டியும் சேர்ந்து. கட்டுமானச் செலவு ரோட்ஸ்டரைவிட அதிகம், மறுவிற்பனைக்கு ஆள் குறைவு. அதிவேகப் பிரிவுக்கு என்றால் அது கொடுக்கத் தகுந்த விலை.

ஃபோர்டு ஜிடி40 நகலையும் சிலர் கேட்பார்கள். வேகத்துக்குக் குறையில்லை. நடுவில் என்ஜின், முன்னால் ரேடியேட்டர் என்பதால் நீளமான தண்ணீர்க் குழாய்களில் காற்றுக் குமிழி தங்கும். அதை வெளியேற்ற இரண்டு முனையிலும் திறப்பு வேண்டும். உயரமானவருக்கு ஹெல்மெட்டோடு கூரை இடிக்கும். கட்டுமானச் செலவும் கூபேயைத் தாண்டும். முதல் பந்தயக்காரருக்கு நாம் அதைப் பரிந்துரைப்பதில்லை.

டெக்சஸின் பிக் பெண்ட் பந்தயத்துக்கு வரிசை கொஞ்சம் மாறும். ஃபோர்ட் ஸ்டாக்டனிலிருந்து சாண்டர்சன் வரை 59 மைல், பிறகு அதே சாலையில் திரும்பி வர வேண்டும். மொத்தம் 118 மைல். வளைவுகள் நெவாடாவைவிட மிக அதிகம். அங்கே நடுத்தர வேகப் பிரிவில் நல்ல பிரேக்கும் சரியான அலைன்மென்டும் உள்ள ரோட்ஸ்டர் கூபேயோடு சமமாக நிற்கும். வளைவில் இழக்கும் நொடிகளைக் கணக்கிடும் வழிகாட்டிதான் அங்கே பாதிப் பந்தயம். திறந்த காரில் அவருக்கு எதுவும் காதில் விழாது, தாளும் பறக்கும். ஹெல்மெட்டில் பொருத்தும் இன்டர்காம், தொடையில் கட்டும் பலகை, லேமினேட் செய்த மைல்கல் அட்டவணை, இரண்டு ஸ்டாப்வாட்ச், ஜிபிஎஸ் வேகமானி ஆகியவை இல்லாமல் போகாதீர்கள். வீல் அளவு மாற்றிய ரெப்ளிகாவின் சொந்த வேகமானியை நம்ப முடியாது.

இப்போது மெக்சிகோ. பான் அமெரிக்கன் நெடுஞ்சாலையின் மெக்சிகோ பகுதி முடிந்ததைக் கொண்டாட 1950-ல் தொடங்கிய கரேரா 1954-வரை ஐந்து முறை நடந்தது. 1988-ல் பழைய கார்களுக்கான பந்தயமாக மீண்டும் உயிர்பெற்றது. ஒரு வாரத்தில் சுமார் 3,000 கி.மீ. நேரம் கணக்கிடும் மூடிய சாலைப் பகுதிகளுக்கு இடையே சாதாரணப் போக்குவரத்தில் ஊர்களைக் கடந்து போக வேண்டும். இங்கேதான் வேக ரெப்ளிகாக்கள் திணறுகின்றன. ஊர்களின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் ‘தோப்பே’ எனப்படும் உயரமான வேகத்தடைகள் இருக்கும். கோப்ராவின் பக்கக் குழாயும் எண்ணெய்த் தொட்டியும் தரையிலிருந்து 115 மி.மீ. அளவில்தான் தொங்கும். முதல் நாளே எதையாவது பிய்த்துக்கொள்ளும். மலைப் பகுதி 2,000 மீட்டருக்கு மேல் ஏறும். 2,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, திறனும் கூடவே குறைகிறது. பெட்ரோல் மாக்னா 87, பிரீமியம் 91 ஆக்டேன். அழுத்த விகிதம் உயர்த்திய வி8-ஐ அதற்குத் தகுந்தாற்போல் டியூன் செய்யாமல் கொண்டுபோனால் என்ஜின் தட்டும்.

கரேராவுக்கு நாம் சொல்வது போர்ஷே 550 ஸ்பைடர் அல்லது 356 ஸ்பீட்ஸ்டர் நகல். 1954-ல் ஹான்ஸ் ஹெர்மான் 550-ஐ மொத்தத்தில் மூன்றாவது இடத்துக்கு ஓட்டியது இந்தச் சாலைகளில்தான். போர்ஷே தன் கார்களுக்குக் கரேரா என்று பெயர் வைத்ததும் இதனால்தான். அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. இந்த நகல்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்ஜின். மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் பீட்டில் 2003 ஜூலை வரை தயாரானது. கிளட்ச் கேபிளோ, பெட்ரோல் பம்ப்போ, ராக்கர் தண்டோ எந்தச் சிறு நகரத்தின் மெக்கானிக் கடையிலும் கேட்கலாம். ஏழு நாள் பந்தயத்தில் இரவு முழுவதும் உதிரிப்பாகத்துக்கு அலையாமல் இருப்பது 100 குதிரைத்திறனைவிடப் பெரிது.

இரண்டில் எது? ஸ்பீட்ஸ்டர் நகல் பெரும்பாலும் பீட்டிலின் தரைத்தட்டை 2,400 மி.மீ.யிலிருந்து 2,100 மி.மீ.க்கு வெட்டிச் சுருக்கி வெல்டிங் செய்தது. அந்த வெட்டு இணைப்பைத் தூக்கிப் பார்த்தபின்தான் மற்றதெல்லாம். இணைப்பில் வலுவூட்டும் தகடு இல்லாவிட்டாலும், துரு ஊறியிருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள். பின் ஆக்ஸில் ஊசல் வகையா என்றும் பாருங்கள். ஊசல் ஆக்ஸில் வளைவில் திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் உள்ளே மடங்கிக் காரைத் தூக்கும். தனித்தனிச் சஸ்பென்ஷனும் சி.வி. இணைப்பும் உள்ள பிந்தைய பின்புறம் மலைச் சாலைக்கு நம்பிக்கையானது. 550 நகல் குழாய்ச் சட்டத்தில் கட்டியது, எடை 600 கிலோவை ஒட்டி இருக்கும், நடு என்ஜின், வளைவில் அற்புதம். ஆனால் பொருள் வைக்க இடமில்லை, மழைக்குப் பாதுகாப்பில்லை, உயரம் குறைவு என்பதால் எதிரே வரும் லாரிக்குக் கண்ணில் படாது. இருவர் ஒரு வாரம் உட்கார்ந்து போக ஸ்பீட்ஸ்டரே தாங்கும். நேரப் பகுதிகளில் வேகமாக இருக்க வேண்டும் என்றால் 550.

எதை எடுத்தாலும் எண்ணெய் வெப்பநிலைதான் பீட்டில் என்ஜினின் உயிர்நிலை. பழைய விசிறிக் கூட்டில் எண்ணெய்க் கூலர் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைத்தபடி நிற்கும். அந்தச் சிலிண்டர்தான் முதலில் வேகும். 1971 முதல் வந்த, கூலரைப் பின்னுக்குத் தள்ளிய கூட்டை மாட்டுங்கள். முழு ஓட்ட எண்ணெய் வடிகட்டி, விசிறியோடு தனியாக ஒரு கூலர், ஒன்றரை லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும் அடித்தொட்டி மூன்றும் சேர வேண்டும். எண்ணெய் 120 டிகிரி செல்சியஸை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். 2,276 சி.சி. வரை பெருக்கிய என்ஜின்கள் கவர்ச்சியானவை, ஒரு வாரத்துக்கு 1,914 சி.சி.யே நீடிக்கும் என்பது எங்கள் கருத்து. கூடவே எடுத்துப் போக வேண்டியவை: இரண்டு விசிறி பெல்ட், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், இக்னிஷன் காயில், சி.வி. பூட், தள்ளுதண்டு, வால்வு கவர் கேஸ்கெட்.

பாதுகாப்புச் சாமான்களில் தேதிதான் பலரைக் கவிழ்க்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் தர அமைப்பான எஸ்எஃப்ஐ-யின் 16.1 முத்திரை ஹார்னஸுக்கு இரண்டு ஆண்டு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ முத்திரை உள்ளதற்கு ஐந்து ஆண்டு ஆயுள். ஹெல்மெட் ஸ்னெல் என்ற தர அமைப்பின் எஸ்ஏ (கார் பந்தய) வகையாக இருக்க வேண்டும்; மோட்டார் சைக்கிளுக்கான எம் வகையில் தீச்சோதனை கிடையாது. தீயணைப்பான் உலோகப் பிடியில், ஹார்னஸ் போட்ட நிலையிலேயே கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சாதாரணக் கார் காப்பீடு பந்தயத்தில் செல்லாது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மெக்சிகோவுக்குப் போவதாக இருந்தால் காகிதங்களைக் காரைவிட முந்திச் சரிசெய்யுங்கள். எல்லை மண்டலத்தைத் தாண்டி அமெரிக்கப் பதிவுக் காரைக் கொண்டுபோகத் தற்காலிக இறக்குமதி அனுமதி வேண்டும். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஷாசியில் அடித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ரெப்ளிகாக்களில் இது அடிக்கடி உதைக்கும்: பத்திரத்தில் பழைய பீட்டிலின் எண், சட்டத்தில் கிட் தயாரிப்பாளரின் எண், ஆண்டு என்ற இடத்தில் 1955. வாங்கும்போதே இரண்டு எண்ணையும் படம் எடுத்து ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் விற்பவர் தன் மாநிலப் பதிவு அலுவலகத்தில் திருத்தித் தந்தபின் பணம் கொடுங்கள்.